மூழ்கிய கப்பலில் இன்ஸ்பெக்ஷன்

அந்தப் போர்க்கப்பல் தன் ஆயுளில் ஒரு போரையும் கண்ணால் பார்த்ததில்லை. அதைக் குறை சொல்லிப் பயனில்லை. சண்டை வந்தபோதெல்லாம் அது பழுதுபார்க்கும் தளத்தில் மல்லாந்து கிடந்தது. அதன் பீரங்கி வெடித்ததெல்லாம் பெரிய மனிதர்கள் வந்தால் போடும் மரியாதை வேட்டுக்குத்தான். ஒரே ஒரு முறை துறைமுகச் சுவரில் போய் முட்டியது. அதிலும் காயம் சுவருக்குத்தான். இப்படி எதிரிக்குக்கூடத் தீங்கு நினைக்காத கப்பலை உடைத்துப் பழைய இரும்புக்குப் போட அரசாங்கத்துக்கு மனம் வரவில்லை. கடலில் மூழ்கடித்து மீன்களுக்கு வீடாக்கிவிடலாம் என்று முடிவானது. இரும்பில் சிப்பி ஒட்டும், பாசி படரும், பவளம் வளரும், மீன் வரும், மீனைப் பார்க்க மனிதர்கள் வருவார்கள் என்று கடல்வளத் துறை கனவு கண்டது.

மூழ்கடிக்கும் விழாவில் அமைச்சர் பேசினார். கடலைக் காத்த கப்பல் இனி மீனைக் காக்கும் என்றார். வயிற்றில் ஓட்டை போட்டிருந்தும் கப்பல் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் இன்னும் கொஞ்சம் பேசினார். அது இன்னும் கொஞ்சம் மிதந்தது. கடைசியில் எல்லோருக்கும் பசி எடுத்துச் சாப்பிடப் போனார்கள். கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் கப்பலைக் காணோம்.

அது போனதைக் கடைசிவரை பார்த்தவர் ஒரே ஒருவர். இழுவைப் படகின் முனையில், பொத்தான் போட முடியாத பழைய சீருடையில், சல்யூட் அடித்தபடி நின்றுகொண்டிருந்த போசன். கப்பலின் தளம், கயிறு, வண்ணப்பூச்சு, துப்புரவு இவற்றுக்கெல்லாம் தலைவனைத்தான் போசன் என்பார்கள். இவர் அந்த ஒரே கப்பலில் சேர்ந்து, அதிலேயே போசனாகி, அதிலேயே நரைத்தவர்.

ஓய்வு பெற்று மகன் வீட்டுக்கு வந்தவர் சும்மா இருந்தாரா? பால்கனிக் கம்பியைத் தேய்த்தார். பாத்திரத்தைத் தேய்த்தார். குக்கரின் மேலிருந்த எழுத்து அழியும்வரை தேய்த்தார். எதிர்வீட்டு கேட்டைத் தேய்க்கப் போய், எங்கள் கேட் அழுக்கு என்று ஊருக்குக் காட்டுகிறீர்களா என்று அவர்கள் சண்டைக்கு வந்தார்கள். மருமகளுக்குத் தலைவலி தாங்கவில்லை.

அந்த மருமகள் லேசுப்பட்டவள் அல்ல. துறைமுகத்தில் அவளுக்கு நீர்க்காக்கா என்று பெயர். முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஆட்களைக் கடலடிக்குக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வருவது அவள் தொழில். படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒற்றை அறைக் கடை. முன்னால் ரப்பர் உடைகள் தொங்கும், பின்னால் அவள் கணவன் காற்றடைக்கும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பான். மூழ்கிய கப்பலுக்கு ஆள் கூட்டிப்போக அவள் ஒருத்திக்குத்தான் துறை அனுமதி கொடுத்திருந்தது. மாமனார் வீட்டைத் தேய்த்துத் தீர்ப்பதற்குள் அவரையும் கடலில் இறக்கிவிடுவதே நல்லது என்று அவளே அவருக்கு முங்கப் பழக்கினாள். தனியாக முங்கக் கூடாது என்பது முதல் பாடம் ஆகையால், அதே கப்பலில் சமையல்காரராக இருந்த அவர் கூட்டாளியையும் சேர்த்துப் பழக்கினாள். கடைக்கு ஆள் வராத நாட்களில் இரண்டு பேரும் சின்னப் படகை எடுத்துக்கொண்டு பழைய கப்பலைப் பார்த்துவிட்டு வருவார்கள். வீட்டில் பாத்திரங்கள் பிழைத்தன. நல்ல காரியம் செய்தோம் என்று அவள் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டாள்.

ஆனால் கப்பலுக்கு மீன்தான் வரவில்லை. நகராட்சிக்காரர்கள் திருட்டுத்தனமாகக் கொட்டிவிட்டுப் போன உடைந்த சிமெண்ட் குழாய்களில் மீன்கள் குடும்பம் குட்டியோடு குடித்தனம் நடத்தின. அமைச்சர் கையால் திறந்துவைத்த கப்பலை ஒரு நண்டுகூட எட்டிப் பார்க்கவில்லை. ஆசையாக இறங்கிய சுற்றுலாப் பயணிகள், துடைத்துவைத்த அடுப்பு மாதிரி இருந்த இரும்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு மேலே வந்து, “மீன் எல்லாம் எந்த நேரத்துக்கு வரும்?” என்று கேட்டார்கள். துறையில் வண்ணப்பூச்சின் மேல் பழி போட்டார்கள், நீரோட்டத்தின் மேல் பழி போட்டார்கள். கடைசியில், இடமே சரியில்லை, இதை மூடிவிட்டு வேறு இடத்தில் பழைய பேருந்துகளை இறக்கலாம் என்று துறை இயக்குநரின் மச்சான் யோசனை சொன்னார். பழைய பேருந்துகள் அவரிடமே இருந்தன. கப்பல் மூடப்பட்டால் அவள் அனுமதியும் போகும், கடையும் போகும். அப்புறம் கணவன் பழைய இயந்திரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வேலை தேடி அலைய வேண்டியதுதான்.

அவளுக்கு ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. கப்பலின் பின்புறம், மண்ணை ஒட்டிய நிழலில், கப்பலைத் தள்ளும் சுழல்விசிறிக்குப் பக்கத்தில் கொஞ்சம் பச்சை பிடித்திருந்தது. சிப்பிகள் நாலைந்து ஒட்டியிருந்தன. ஆரஞ்சு நிறத்தில் விரல் நகம் அளவுக்குப் பவளம்கூடத் தலைகாட்டியிருந்தது. பிள்ளை நடை பழகுவதைப் பார்ப்பதுபோல் ஒவ்வொரு முறையும் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். துறையிலிருந்து துணை இயக்குநரே நேரில் முங்கிப் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தபோது, அந்தக் கொஞ்சத்தைக் காட்டிக் காலில் விழாத குறையாகக் கெஞ்சிவிடலாம் என்று நினைத்தாள்.

அந்தச் செய்தியைச் சாப்பாட்டு மேசையில் சொன்னாள்.

“வர்ற வாரம் கப்பலுக்கு இன்ஸ்பெக்ஷன் வருது.”

மாமனார் கையிலிருந்த கவளம் அப்படியே நின்றது. முகம் ஒரு நொடி வெளுத்து, பிறகு புதுமாப்பிள்ளை மாதிரி மலர்ந்தது.

“இன்ஸ்பெக்ஷனா! யாரு வர்றா? பெரிய ஆபீசரா?”

“துணை இயக்குநர் மாமா. அவர் சொல்றதுதான் முடிவு. நல்லபடியா இருந்தாத்தான் நமக்குக் கடை.”

“நீ கவலைப்படாதேம்மா. நான் இருக்கும்போது இந்தக் கப்பல்ல ஒரு இன்ஸ்பெக்ஷன்லகூட ஒரு கெட்ட பேர் வந்ததில்ல.”

மறுநாளிலிருந்து போசனும் சமையல்காரரும் விடியும்முன் கிளம்பினார்கள். பாவம், பெரியவருக்கு எவ்வளவு அக்கறை என்று அவள் உருகிப்போனாள். அந்த வாரம் சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் கம்பிச் சுருள் ஒன்றுகூட இல்லாததை அவள் கவனிக்கவில்லை.

துணை இயக்குநர் வருவதற்கு முந்தின நாள் கடைசியாக ஒரு முறை பார்த்துவிட்டு வரலாம் என்று இறங்கினாள். கப்பல் தெரிந்தது. எப்போதும் தெரிவதைவிட நன்றாகவே தெரிந்தது. பித்தளையில் பதித்த பெயர்ப் பலகை கண்ணாடிபோல் மின்னியது. பின்பக்கம் போனாள். அங்கே இரண்டு கிழவர்கள் தலைகீழாக மிதந்தபடி, கையில் சுரண்டியும் கம்பிச் சுருளுமாக மும்முரமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுடைய ஆரஞ்சுப் பவளம் இருந்த இடத்தில் பளபளவென்று இரும்பு இருந்தது. அவளைப் பார்த்ததும் போசன் நிமிர்ந்து, தண்ணீருக்குள்ளேயே விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

படகுக்கு வரும்வரை அவளால் கத்த முடியவில்லை. வந்ததும் கத்தினாள்.

“மாமா! என்ன செஞ்சு வெச்சிருக்கீங்க?”

“பாத்தியாம்மா? எப்படிப் பளிச்சுனு இருக்கு! விசிறிக்கு அடியில மட்டும் ஒரு சாண் பாக்கி. நீ வந்து கெடுத்துட்டே.”

“எத்தனை நாளா இது நடக்குது?”

“நீ முங்கக் கத்துக்குடுத்த மறு மாசத்துல இருந்து. பின்னே, விட்டுடுவாங்களா? உப்புத் தண்ணிம்மா. கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள பாசி ஏறிடும்.”

மீன் வராத காரணம் தெரிந்துவிட்டது. நீரோட்டமும் இல்லை, வண்ணப்பூச்சும் இல்லை. கடல் வருஷக்கணக்கில் பாடுபட்டு வளர்த்ததை எல்லாம் அவள் வீட்டுக் கம்பிச் சுருளே சுரண்டி எடுத்திருக்கிறது. சுரண்டியவருக்கு முங்கக் கற்றுக்கொடுத்தவளும் அவளேதான்.

“அது அழுக்கு இல்ல மாமா! அதுதான் பவளம்! அதைப் பாக்கத்தான் நாளைக்கு அந்த ஆளே வர்றாரு!”

“அழுக்கைப் பாக்கவா ஆபீசர் வர்றாரு?” போசன் சமையல்காரரைப் பார்த்தார்.

“நான் அப்பவே சொன்னேன் போசன்,” என்றார் சமையல்காரர் தலையைத் துவட்டியபடி. “அந்த ஆரஞ்சு கலர் பாக்க நல்லாத்தான் இருக்கு, விட்டுடலாம்னு சொன்னேன்ல?”

“நீ சோறு வடிக்கிறவன், உனக்குக் கப்பலைப் பத்தி என்ன தெரியும்?”

“மாமா, அது இப்போ கப்பலே இல்ல, பாறை! மீனுக்காகப் போட்ட பாறை!”

“பாறைக்கு எதுக்கும்மா பேரு எழுதியிருக்கு?”

அவள் கோபத்தில் சுரண்டியைப் பிடுங்கிப் படகின் அடியில் எறிந்தாள். கிழவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் குரல் தழைந்துவிட்டது.

“உன் மாமியார் கண்ணை மூடுனப்ப நான் எங்கே இருந்தேன் தெரியுமா? இந்தக் கப்பல்ல கைப்பிடிக் கம்பி தேச்சுக்கிட்டு இருந்தேன். யாரோ பெரிய மனுஷன் பாக்க வர்றான்னு லீவு கிடையாதுன்னுட்டாங்க. அவ ஆளு அனுப்பிச் சொல்லியும் நான் போகல. அவளை விட்டுட்டுப் பாத்துக்கிட்ட கப்பலும்மா இது. இதுல நான் பாசி பிடிக்க விட்டேன்னா, அவளுக்கு என்ன பதில் சொல்லுவேன்?”

அவளுக்கு அழுகை வந்தது. அதே நேரம் அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது. யாராவது இந்த மனுஷனை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க மாட்டார்களா என்று மனம் கொதித்தது. மருமகளாகப் போய்விட்டதால் அவளால் அது முடியவில்லை.

வீட்டில் கணவனிடம் கொட்டித் தீர்த்தாள்.

“அப்பாவை என்னதான் பண்ணச் சொல்றே?” என்றான் அவன்.

“ஒண்ணும் பண்ண வேண்டாம்னு சொல்லுங்க.”

“அது ஒண்ணுதான் அவருக்கு வராதே.”

துணை இயக்குநர் வந்தார். விலை ஒட்டிய தாள்கூடக் கிழிக்காத புத்தம்புது ரப்பர் உடை. முங்குவதை ஒரு ஹோட்டல் நீச்சல்குளத்தில் கற்றுக்கொண்டவர்; அங்கே வேண்டும்போது எழுந்து நிற்க முடிந்தது. இறங்கும் முன் தன் படம் எடுத்துக்கொண்டார், மருமகளை ஓரமாக நிற்கச் சொன்னார். போசன் தன் ரப்பர் உடையின் மார்பில் மூன்று பதக்கங்களைக் குத்திக்கொண்டு வந்து நின்றார். வர வேண்டாம் என்று சொன்னதற்கு, “போசன் இல்லாம இன்ஸ்பெக்ஷனா?” என்று கேட்டுவிட்டு முதல் ஆளாகத் தண்ணீரில் குதித்தார். கணவன் படகைப் பார்த்துக்கொண்டான்.

கீழே, துணை இயக்குநர் கப்பலை ஒரு சுற்றுச் சுற்றினார். தண்ணீரில் எழுதும் பலகையை எடுத்து, “மீன் எங்கே?” என்று எழுதிக் காட்டினார். தூரத்தில் ஒரு குட்டி மீன் வந்தது. அவள் அவசரமாக அதைச் சுட்டிக் காட்டினாள். அது நகராட்சிக் குழாய்ப் பக்கம் திரும்பிப் போய்விட்டது. போசனோ மின்னும் பெயர்ப் பலகைக்குப் பக்கத்தில் போய் மிதந்து, பாருங்கள் என்பதுபோல் கை நீட்டினார். துணை இயக்குநர் பலகையில் அடுத்து எழுதியது “போதும்” என்ற ஒரு சொல்தான்.

மேலே போனால் எல்லாம் முடிந்தது. கொஞ்ச நேரமாவது பிடித்து வைக்கலாம் என்று, இரண்டு பக்கமும் திறந்திருந்த மேல்தள நடைவழிக்குள் அவரைக் கூட்டிப் போனாள். நடைவழி நடுவில் ஒரு கதவு மூடிக் கிடந்தது. அது துரு ஏறி இறுகிவிட்டது, திறக்காது என்று மாமனார் முதல் நாளே சொல்லியிருந்ததால் அவள் அதைத் தொட்டதில்லை. துணை இயக்குநருக்கு மூடிய கதவைக் கண்டால் கை சும்மா இருக்காது போலிருக்கிறது. கைப்பிடியில் கை வைத்தார்.

எங்கிருந்துதான் வந்தாரோ, போசன் பாய்ந்து வந்து அவருக்கும் கதவுக்கும் நடுவில் கையை விரித்து நின்றார். துணை இயக்குநர் பயந்து பின்வாங்கினார். பதக்கங்கள் அலையில் ஆடின. அவள் போசனின் தலைக்கு மேல் பார்த்தாள். கதவில் ஒரு பித்தளைத் தகடு. அதில் “கேப்டன்” என்று இருந்தது.

அவளுக்கு விளங்கிவிட்டது. கேப்டன் அறைக்குள் அனுமதி இல்லாமல் ஒருவரும் நுழையக் கூடாது. நுழைவது இருக்கட்டும், எட்டிப் பார்க்கவும் கூடாது. வேலையில் இருந்த காலமெல்லாம் போசன் அந்த வாசலோடு நின்று சல்யூட் அடித்துவிட்டுத் திரும்பியவர். கேப்டன் ஓய்வு பெற்றுப் போய், கப்பலே கடலுக்கடியில் போன பிறகும் உத்தரவு உத்தரவுதானே! கப்பல் முழுவதையும் சுரண்டிய மனுஷன் இந்த ஒரு கதவைத் தாண்டியிருக்க மாட்டார். அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, கதவின் அடியிலிருந்த காற்று இடுக்கிலிருந்து கோடு போட்ட ஒரு சின்ன மீன் வெளியே வந்து, ஆட்களைப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போனது.

அவள் இரண்டு கைகளையும் கூப்பி மாமனாரைக் கும்பிட்டாள். கண்ணாடிக்குள் அவர் கண்கள் தவித்தன. மருமகளைப் பார்த்தார், ஆபீசரைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார். கடைசியில் திரும்பி நின்று உடையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, விரல் மடக்கிக் கதவைத் தட்டினார். காத்திருந்தார். பதில் இல்லை. துணை இயக்குநர் தன் காற்று அளவைப் பார்க்க ஆரம்பித்தார். போசன் மறுபடி தட்டினார்.

உள்ளிருந்து ‘தும்’ என்று ஒரு உறுமல் வந்தது.

போசன் சல்யூட் அடித்தார். கைப்பிடியைத் திருப்பினார். துருவும் இல்லை, இறுக்கமும் இல்லை. கதவு வெண்ணெய்போல் திறந்தது.

அவள் விளக்கை உயர்த்தினாள். அறை முழுவதும் நிறம். சுவரெல்லாம் மஞ்சளும் ஊதாவுமாகக் கடற்பஞ்சு. கூரையிலிருந்து, வெளிச்சம் வேண்டாத ஆரஞ்சுப் பவளம் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. கட்டில் இருந்த இடத்தில் சிங்கி இறால்கள் மீசையை நீட்டிக்கொண்டு படுத்திருந்தன. மண்ணை நோக்கிச் சாய்ந்த பக்கத்து வட்ட ஜன்னல் வழியாக மீன்கள் வருவதும் போவதுமாக இருந்தன. கப்பல் முழுவதிலிருந்தும் விரட்டப்பட்ட உயிர்களெல்லாம் முன்பதிவில்லாத ரயில் பெட்டியில் ஏறியதுபோல் அந்த ஒரே அறையில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தன. நடுவில், மேசைக்குப் பின்னால், ஆள் உயரத்துக்கு ஒரு களவா மீன். கீழுதடு தொங்க, யார் உங்களை வரச் சொன்னது என்பதுபோல் முறைத்தது. மறுபடி ‘தும்’ என்றது. போசன் சல்யூட் அடித்த கையை இறக்கவே இல்லை. துணை இயக்குநர் பலகையைக் கைவிட்டுவிட்டு நேரே மேலே கிளம்பினார். வேகமாக ஏறினால் நுரையீரலுக்கு ஆபத்து என்பதால், அவள் அவர் காலைப் பிடித்து இழுத்து மெதுவாக ஏற்ற வேண்டியிருந்தது.

படகில் ஏறி, நாலு மிடறு தண்ணீர் குடித்ததும் அவருக்கு அதிகாரம் திரும்ப வந்தது.

“அந்த ரூம் பிரமாதம் மேடம். நான் எங்கேயும் பாத்ததில்ல,” என்றார். அவர் பார்த்தது நீச்சல்குளம் மட்டும்தான். “ஆனா மத்த இடமெல்லாம் ஏன் இப்படி மொட்டையா கெடக்கு? ஒரே ஒரு ரூமை மட்டும் அக்கறையாப் பாத்துட்டு, மீதிக் கப்பலை அலட்சியமா விட்டிருக்கீங்க. யாரு இதுக்குப் பொறுப்பு?”

போசன் எழுந்து நின்றார். படகு ஆடியது. மேலதிகாரியிடம் பொய் சொல்லும் பழக்கம் அவருக்குக் கிடையாது. நடந்ததைச் சொல்லிவிட்டால் அனுமதி காற்றில் போய்விடும்.

“மீதிக் கப்பலுக்கு நான்தான் பொறுப்பு சார்.”

“நீங்களா? இத்தனை நாளா என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்க?”

“என்னால முடிஞ்சதை எல்லாம் செஞ்சேன் சார்.”

“செஞ்ச லட்சணந்தான் தெரியுதே! வயசுக்கு மரியாதை குடுத்துப் பேசுறேன். இதைவிடக் கேவலமா ஒருத்தர் ஒரு கப்பலை வெச்சிருக்க முடியாது.”

யாராவது அவரைத் திட்ட மாட்டார்களா என்று நேற்று துடித்தவள் அவள்தான். இன்று ஒரு ஆள் திட்டியதும் அவளுக்குப் பொறுக்கவில்லை. “சார், அவரை ஒண்ணும் சொல்லாதீங்க,” என்று எழுந்தாள். போசன் அவளைத் திரும்பிப் பார்க்காமலே, உட்கார் என்று கையைக் காட்டினார்.

“சரி, அந்த ரூமை யாரு பாத்துக்கிட்டது?”

“கேப்டன் சார்.”

“அப்போ அந்தக் கேப்டன்கிட்டயே முழுக் கப்பலையும் விட்டுடுங்க. நீங்க இனிமே அதுல கை வெக்கக் கூடாது. அந்த ரூமுக்காக இன்னும் ரெண்டு வருஷம் அனுமதி குடுக்கச் சொல்லி எழுதுறேன். அதுக்குள்ள கப்பல் பூரா அப்படி இருக்கணும்.”

“ஆர்டரா சார்?”

“என்னது?”

“கை வெக்கக் கூடாதுங்கிறது ஆர்டரான்னு கேட்டேன் சார்.”

“ஆமாய்யா, ஆர்டர்தான்!”

போசன் சல்யூட் அடித்தார். தன் வாழ்நாளில் முதன்முதலாக வாங்கிய கெட்ட பெயரோடு விறைப்பாக நின்று, கரை வரும்வரை உட்காரவில்லை.

துணை இயக்குநர் காரில் ஏறிப் போனதும் கணவன் அவளைப் பார்த்துச் சிரித்தான். கடை பிழைத்துவிட்டது. அவளுக்கும் குதிக்க வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் பெரியவர் படகுத்துறைப் படியில் தனியாக உட்கார்ந்திருந்தார். மடியில் கிடந்த கைகளை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இனிமே நான் என்னம்மா செய்யிறது?”

“நாளைக்கு எங்கூட வாங்க மாமா. கேப்டனைப் பாத்துட்டு வரலாம்.”

“பாத்துட்டு?”

“பாத்துட்டு வந்துடுவோம்.”

“ஒண்ணும் செய்ய வேண்டாமா?”

“ஒண்ணும் வேண்டாம் மாமா. சும்மா போய்க் கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு இருந்தா போதும்.”

அவர் புரட்டிக்கொண்டிருந்த கைகளை மடியில் வைத்தார்.

“உன் மாமியாரும் அதைத்தாம்மா சொல்லி அனுப்பினா,” என்றார். “ஒண்ணும் செய்ய வேண்டாம், சும்மா வந்து கொஞ்ச நேரம் பக்கத்துல இருங்கன்னு.”